இறங்காத ஷட்டர்

"ஐயோ... இங்க ஒரு ஆள் விழுந்து கிடக்கான்!"

தீயணைப்பு வீரரின் குரல் புகைக்குள்ளிருந்து வந்தது.

கன்வேயர் பெல்ட் ஓரமாகக் குப்புறக் கிடந்தான் ஸ்டோர்ஸ் செக்கர். உடம்பெல்லாம் கரி. தலை நிறைய சுருள் முடி. அதனாலேயே கம்பெனியில் அவனுக்குப் பெயர் சுருட்டை.

"போயிட்டானா?"

"மூச்சு இருக்கு... ஆனா நூல் மாதிரி!"

ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு பறந்தது.

லேடி இன்ஸ்பெக்டர் சுவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

தடித்த சுவர். அந்தப் பக்கம் பேக்கிங் ஹால். இந்தப் பக்கம் ஸ்டோர்ஸ். ஒரு பக்கத்து நெருப்பு மறுபக்கம் தாண்டக் கூடாது என்பதற்காகவே கட்டிய சுவர். ஆனால்... அதன் நடுவே ஒரு ஓட்டை! அதன் வழியாகத்தான் பெல்ட்டில் பெட்டிகள் ஸ்டோர்ஸுக்குப் போகும்.

"தீப்பிடிச்சது பேக்கிங் ஹால்ல. அங்க இருந்தவங்க எல்லாரும் வெளியே ஓடித் தப்பிச்சாச்சு. இங்க இருந்தவன் எப்படி மாட்டினான்?"

மேனேஜர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினார்.

"அந்த ஓட்டைக்கு இரும்பு ஷட்டர் இருக்கு மேடம். அலாரம் அடிச்சா புதுசா பெட்டி வர்றது நிக்கும். ஓட்டையில இருக்கற பெட்டி தாண்டிப் போனதும் ஷட்டர் தானா இறங்கி அடைச்சுக்கும். இன்னிக்கு இறங்கல! மொத்தப் புகையும் இங்க வந்துடுச்சு..."

"ஏன் இறங்கல?"

கான்ஸ்டபிள், பாதி கருகிய மரக்கட்டை ஒன்றை நீட்டினார்.

"இதான் காரணம் மேடம். ஷட்டர் இறங்கற காடியில, அந்தப் பள்ளத்துல, யாரோ சொருகியிருக்காங்க!"

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"யாரோ என்ன மேடம்... ஷட்டரைப் பார்த்துக்கற மெக்கானிக்தான்! அவன் பொண்டாட்டி பேக்கிங் சூப்பர்வைசர். ஓட்டை வழியா அவளும் சுருட்டையும் ரெண்டு வார்த்தை பேசிடக் கூடாது. 'டெஸ்ட்'னு சொல்லிட்டு டமால்னு ஷட்டரை இறக்கிடுவான். சந்தேகப் பிராணி!"

"கூப்பிடுங்க, ரெண்டு பேரையும்!"

மேனேஜர் அறை.

கிரீஸ் படிந்த கைகளோடு நின்றான் மெக்கானிக். பக்கத்தில் அவன் மனைவி. அழுது அழுது கண்கள் சிவந்திருந்தன.

இந்த அழுகை யாருக்காக? சுருட்டைக்காகவா?

அந்த நிலைமையிலும் அவன் வயிறு எரிந்தது!

இன்ஸ்பெக்டர் கட்டையை மேஜை மேல் 'டொக்'கென்று வைத்தாள்.

மனைவியின் முகம் வெளுத்தது.

அதை அவன் பார்த்துவிட்டான்.

"மேடம்... நான்தான்! நான்தான் வெச்சேன்! என்னை அரெஸ்ட் பண்ணுங்க!"

"ஓஹோ... எந்தப் பக்கக் காடியில வெச்சே?"

"வ... வலது பக்கம்."

"கட்டை இருந்தது இடது பக்கம்."

இன்ஸ்பெக்டர் சிரித்தாள்.

"யோவ்... அந்த ஓட்டையை எப்படா மூடலாம்னு தவம் கிடக்கறவன் நீ. மூட விடாம நீயே கட்டை வெப்பியா? வெச்சது வேற ஆள். அந்த ஓட்டை எப்பவும் திறந்தே இருக்கணும்னு ஆசைப்பட்ட ஆள். என்னம்மா... சரிதானே?"

"நான்தான் மேடம்!" விம்மி வெடித்தாள் அவள். "இவர் ஷட்டரை இறக்கிக்கிட்டே இருந்தார். அதான் கட்டையைச் சொருகினேன். நெருப்புப் பிடிக்கும்னு நான் நினைச்சேனா? அவசரத்துல கட்டையை எடுக்க மறந்து ஓடிட்டேன். ஒரு உயிரு போச்சுன்னா..."

மெக்கானிக் அவள் பக்கம் திரும்பினான்.

"அப்போ... அவனைப் பார்க்காம உன்னால இருக்க முடியல. அப்படித்தானே? சொல்லுடி!"

"எவனை?"

"சுருட்டையை!"

"அந்தப் புதருத் தலையனை யாருங்க பார்த்தா? நான் பார்த்தது உங்களை!"

"என்னையா...?!"

"உங்களைத்தான்! அந்தப் பக்கம் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒருத்தி உட்கார்ந்திருக்காளே... ஸ்டோர்ஸ் கிளார்க்கு! அவ மேஜைக்கிட்ட உங்களுக்கு என்ன வேலை? ஸ்க்ரூ டிரைவரைத் தேடறேன், ஸ்பானரைத் தேடறேன்னு அங்கேயே பழியா கிடக்கறீங்க. நீங்க எதைச் சொன்னாலும் அவ பல்லு அத்தனையும் தெரிய சிரிக்கறா. ஷட்டரை இறக்கிட்டா அங்க நடக்கறது எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் வாய் திறந்தது. மூட மறந்தது.

"நான் அங்க நின்னதே... நீ அவன்கூடப் பேசறியான்னு பார்க்கத்தான்டி! அவ மேஜையிலிருந்து பார்த்தாதான் ஓட்டை நேராத் தெரியும்!"

ட்ரிங்... ட்ரிங்...!

ஆஸ்பத்திரியிலிருந்து போன். இன்ஸ்பெக்டர் கேட்டாள். புருவங்கள் உயர்ந்தன. போனை வைத்தாள்.

"சுருட்டை பிழைச்சுட்டான்."

"கடவுளே...!" மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கண் முழிச்சதும் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? 'என் பொண்டாட்டி எங்கே?'"

"அவனுக்கு ஏது பொண்டாட்டி?" கணவனும் மனைவியும் ஒரே குரலில்.

"கண்ணாடி போட்ட ஸ்டோர்ஸ் கிளார்க்! வீட்டுக்குத் தெரியாம போன மாசமே ரிஜிஸ்டர் கல்யாணமாம். இப்ப அவன் கட்டில் பக்கத்துல உட்கார்ந்து அழுதுக்கிட்டிருக்கா."

மெக்கானிக் மெல்லக் குனிந்தான். மனைவியின் கையைப் பிடித்துத் தூக்கினான். கிரீஸ் அவள் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"எனக்காக ஜெயிலுக்குப் போகக் கூடத் துணிஞ்சீங்களே..."

"பின்ன? உன்னை அங்க அனுப்பிட்டு நான் எப்படி நிம்மதியா இருக்கறது?"

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினாள்.

"உங்க கொஞ்சலை அப்புறம் வெச்சுக்கங்க. கொலை முயற்சி இல்லைதான். ஆனா உயிரைக் காப்பாத்தற ஷட்டரை இறங்க விடாம தடுத்தது சும்மா விடற தப்பில்ல. நீங்க ஸ்டேஷனுக்கு வந்துதான் ஆகணும்மா. ஜீப்ல ஏறுங்க!"

வாசலில் ஜீப்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இளம் கான்ஸ்டபிள் ஒருவன். முறுக்கிய மீசை. பளிச்சென்ற சிரிப்பு.

மெக்கானிக் அவனை மேலும் கீழும் பார்த்தான். இன்ஸ்பெக்டரின் பின்னாலேயே ஓடினான்.

"மேடம்... மேடம்...! அவ ஸ்டேஷனுக்கு வரட்டும், பரவாயில்ல. ஜீப்பை மட்டும் நான் ஓட்டிட்டு வரட்டுமா?"