ஏழாவது எலும்பு

அன்று காலையில் குமாரசாமி கையைப் பிடித்து ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டபோது அம்சவேணி அந்தக் கையையே பார்த்தாள். பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் புருஷன் கை அவள்மேல் மெதுவாகப் பட்டதே கிடையாது. எக்ஸ்ரே எடுத்தே தீரவேண்டும் என்று, மாகறலிலிருந்து வந்த அவள் அண்ணன் முந்தின நாள் ஒற்றைக்காலில் நின்றுவிட்டுப் போயிருந்தான். அவனிடமும் அவள் வாய் திறக்கவில்லை. படம் பேசட்டும் என்று விட்டுவிட்டாள். படத்தை யார் அதட்ட முடியும்?

எக்ஸ்ரே அறையில் கறுப்புத் திரை, மூக்கை அரிக்கும் மருந்து வாடை, எங்கோ சொட்டும் தண்ணீர். பொன்னும் இரும்பும் உடம்பில் இருக்கக்கூடாது என்று நர்ஸ் சொன்னதும், மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டு தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்தாள். துளி தயக்கமும் வரவில்லை. ஜில்லென்ற தகட்டில் மார்பை அழுத்தி மூச்சை அடக்கியபோது விலா பிளப்பதுபோல வலித்தது. அசைந்தால் படம் கலங்கிவிடும் என்றார்கள். அவள் அசையவில்லை.

ஈரம் காயாத படத்தை டாக்டர் விளக்குப் பெட்டியில் மாட்டினார். பழைய முறிவு நாலு, புதியது ஒன்று என்றார். தறிக்குழியில் அடிக்கடி வழுக்கி விழுந்துவிடுகிறாள் என்றான் குமாரசாமி. டாக்டர் அவளைப் பார்த்தார். இதோ கேட்கப்போகிறார் என்று அவள் நிமிர்ந்தாள். பாவி மனிதர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவனிடமே திரும்பினார்.

"இந்த ஏழாவது எலும்பு ஒடிஞ்சு உள்பக்கமா திரும்பிக்கினு இருக்குது. இன்னொரு அடி பட்டா நுரையீரல்ல குத்திடும்பா. அப்புறம் நம்ம கையில இல்ல. ஜாக்கிரதையா பாத்துக்கோ."

"எது சார்? தொட்டுக் காட்டுங்க."

தொட்டுக் காட்டினார். புதுச் சேலைக்கு வந்த டிசைன் தாளைப் படிப்பதுபோல, குமாரசாமி மேலேயிருந்து ஒவ்வொன்றாக எண்ணினான். இரண்டு தடவை எண்ணினான். வரும் வழியெல்லாம் படத்தை மடங்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

தெருவில் எல்லா வீட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவள் கத்தல் இதுவரை யாருக்கும் கேட்டதில்லை. குமாரசாமி வாசல் கதவைத் தாழிட்டுவிட்டுப் படத்தை ஜன்னல் கம்பியில் செருகினான். சாயங்கால வெயிலில் அவள் எலும்புகள் வெள்ளையாக எழுந்து நின்றன.

"இங்க வாம்மா. வெளிச்சத்துல நில்லு."

அவள் கதவுப் பக்கம் பின்வாங்கினாள். அவனே வந்தான். கழுத்தெலும்புக்குக் கீழே விரல் வைத்தான். படத்தைப் பார்த்தான். ஒன்று. இரண்டு. விரல் இறங்கியது. மூன்று.

"நீ மறுபடியும் விழுந்துட்டேன்னு சொன்னா உங்க அண்ணன் நம்புவாரு. டாக்டரே சொல்லியிருக்காரே."

நாலு. ஐந்து. மருந்து வாடை. தறிச் சத்தம். ஆறு.

ஏழு.

அந்த இடத்தை இடது கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், சுவரோரம் சாய்த்திருந்த உலக்கையை வலது கையால் தடவி எடுத்தான்.