பதினான்காவது நாடா

தப்பு அவனுடையதுதான். அதில் பங்கு கேட்டு வேறு யாரும் வரவில்லை.

வானொலி நிலையத்தின் ஒலிக்காப்பகத்தில் பழைய பதிவுகளைச் சுத்தம் செய்வது அவன் வேலை. கீறல், இரைச்சல், கச்சேரி நடுவே தும்மிய மகானுபாவர்கள் என்று எல்லாரையும் வலிக்காமல் அப்புறப்படுத்துவான். நிலையத்தில் அவனுக்குப் பாம்புக்காது என்று பெயர். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மனைவி கடைக்குப் போகச் சொல்லும்போது மட்டும் அந்தக் காது அடைத்துக்கொள்ளும்.

இம்முறை வந்தவை ஒரு சோவியத் இசையமைப்பாளரின் பதினான்கு ஒலிநாடாக்கள். பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதியவை, தனிப் பியானோ, நாலைந்து பேர் சேர்ந்து வாசித்த சிறு இசை. எல்லாவற்றிலும் அவரே பியானோவில் இருந்தார், அல்லது குழுவை நடத்தினார். ஏதோ பனிக்காட்டு முகாமில் நுரையீரலைத் தொலைத்துவிட்டு வந்த மனிதர். ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால் அவருடைய இளைப்பு, கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது. அதை எடுத்துவிடும்படி மேலதிகாரி சொல்லியிருந்தார்.

அதற்கு ஒரு வழி உண்டு. இளைப்பு மட்டும் கேட்கும் சில நொடிகளை வெட்டி, மாதிரியாகக் கணினிக்குக் கொடுக்க வேண்டும். அதைப்போல் இருப்பதையெல்லாம் அது தேடித் துடைத்துவிடும். கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது திரையில் பதினான்கும் பளிங்குபோல் இருந்தன. அப்போதுதான் மாதிரிக் கோப்பைப் பார்த்தான்.

அது அவருடைய மூச்சு இல்லை. அவன் மகளுடையது. ஏழு வயது சுண்டெலிக்கு ஆஸ்துமா. டாக்டரிடம் போட்டுக் காட்டலாம் என்று போன வாரம் அவள் இளைப்பைப் பதிவு செய்து, சோம்பேறித்தனமாக அதே கணினியில் வைத்திருந்தான். தேதியை மட்டும் பெயராக வைத்த இரண்டு கோப்புகள். கை பக்கத்துக் கோப்பில் பட்டுவிட்டது. போதாக்குறைக்கு, துடைத்ததைப் பழைய பதிவின் மேலேயே சேமித்திருந்தான். நாடாக்களோ ஒருமுறை ஓட்டியதும் பூச்சு உதிர்ந்து வெறும் பிளாஸ்டிக்காகிவிட்டவை.

ஆனால் அவன் முதுகைச் சில்லிட வைத்தது அதுவல்ல. தப்பான மாதிரி எதையும் துடைத்திருக்கக் கூடாது. அடுத்த வீட்டுச் சாவி நம் வீட்டுப் பூட்டில் அவ்வளவு வழுக்கிக்கொண்டு நுழையக் கூடாது.

யாரிடமும் சொல்லவில்லை. மேலதிகாரி முதல் நாடாவைக் கேட்டுவிட்டுத் தோளில் தட்டினார். பிரமாதமாம். மனுஷனே இல்லாத மாதிரி இருக்கிறதாம்.

அன்று சாயங்காலம் வீடு அமைதியாக இருந்தது. சுண்டெலி சோபாவில் சாய்ந்து கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். பள்ளியிலிருந்து வந்ததிலிருந்து இளைப்பே இல்லை என்று மனைவி குரலைத் தாழ்த்திச் சந்தோஷப்பட்டாள். அவன் குழந்தையின் மார்பில் காதை வைத்தான். உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. சோப்பு வாசனை வந்தது. இதயம் எங்கோ தூரத்தில் தட்டியது. அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. இளைப்பு மட்டுமல்ல, மூச்சே.

பதறி எழுந்ததில் கை மடிக்கணினியில் இடித்தது. சரிபார்க்கக் கொண்டுவந்திருந்த இரண்டாவது நாடாவின் கோப்பு ஓட ஆரம்பித்தது. பியானோவின் முதல் சுரத்தில் அவள் மார்பு உயர்ந்தது. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். இசை இருந்தவரை பேசினாள், அம்மாவோடு சண்டை போட்டாள், அப்பாவின் தொப்பையைக் குத்தினாள். கடைசிச் சுரம் அடங்கியதும் மறுபடி சாய்ந்தாள்.

திரும்ப ஓட்டினான். கோப்பில் ஒன்றுமில்லை. ஒருமுறை கேட்டதும் அதுவும் உதிர்ந்துவிட்டிருந்தது. மறுநாள் நிலையத்தில் முதல் நாடாவும் அப்படியே. நகல் எடுத்தால் நகலிலும் மௌனம்தான்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைத் தட்டித் தட்டிப் பார்த்தார். நுரையீரலில் சத்தமே இல்லை, அவ்வளவு சுத்தம் என்று சொல்லி மருந்தையும் குறைத்தார். மனைவி இனிப்பு வாங்கினாள். அவள் மூச்சே விடவில்லை என்ற அவனுக்குத்தான் பைத்தியம் என்று இருவரும் சேர்ந்து முடிவு கட்டினார்கள். பைத்தியமாக இருந்தால் தேவலையே என்று அவனும் வேண்டிக்கொண்டான்.

நாளுக்கு ஒரு நாடா. அதற்கு மேல் தைரியம் வரவில்லை. இசை இல்லாத நேரத்தில் அவள் அசையாமல் கிடந்தாள்; இளைப்பு விட்ட அசதி என்றாள் மனைவி. அந்த அமைதியில், ஒரு பகல், அறையில் இளைப்பு கேட்டது. அவளிடமிருந்து அல்ல. மடிக்கணினிக்கு முன்னால், நாற்காலி இருந்த இடத்திலிருந்து. கனமானது. வயதானது. நிதானமாக உள்ளே இழுத்து, மெல்ல வெளியே விடும் மூச்சு.

நாற்காலியில் யாரும் இல்லை.

பதினான்காவது நாடாவின் நாளும் வந்தது. ஞாயிறு மதியம். ஜன்னல் நிறைய வெயில். சமையலறையில் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கடைசி நாடா, தனிப் பியானோ, பதினொரு நிமிடம். நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்தான். நிறுத்தியபோதெல்லாம் அவள் உதடு நீலமாயிற்று. ஓடவிட்டான்.

மூன்று நிமிடம் மீதி.

"சுண்டெலி, அப்பாகிட்ட மறைக்காம சொல்லும்மா. உனக்கு என்ன பண்ணுது?"

இரண்டு வாரமாக இந்தக் கேள்விக்கு, ஒன்றும் இல்லை என்பதுதான் பதில். இப்போது அவள் அவனைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்தாள், அனுமதி கேட்பதுபோல.

"அவரு மூச்ச நீ அழிச்சுட்டியாம்ப்பா. அதான் என்னோடத வாங்கி வச்சுக்கிட்டாரு. வாசிக்கறப்போ மட்டும் கொஞ்சம் தராரு."

சுரங்கள் ஒவ்வொன்றாக விலகின. நடுவில் இடைவெளி. இன்னும் பெரிய இடைவெளி.

"வாசிச்சு முடிச்சதும்?"

"கிளம்பிடுவாராம்ப்பா" என்றாள் சாதாரணமாக. "என்னோடதையும் எடுத்துக்கிட்டு."

கடைசிச் சுரம் விழுந்தது. அவள் மார்பு உயர்ந்தது. உயர்ந்தபடியே நின்றது. நாற்காலி மெல்லக் கிரீச்சிட்டு, யாரோ எழுவதற்காகப் பின்னால் நகர்ந்தது.