விலைவிளக்கு

கீழ்க்கடலிலிருந்து எழுந்த முழுமதி, ஆற்று முகத்துவாரத்தில் நங்கூரமிட்டிருந்த மரக்கலங்களுக்கெல்லாம் வெள்ளி முலாம் பூசிக்கொண்டிருந்த அந்த மாலைப்பொழுதில், சோழநாட்டு நீலமங்கலப் பட்டினத்தின் ஆற்றங்கரை மண்டபத்தில் ஒரு மாளிகை விலைபோய்க்கொண்டிருந்தது. வாசகர்களே, வரி கட்டாதவர் வீட்டை முத்திரையிட்டு, ஒரு விளக்கை ஏற்றிவைத்து, ஊரறியக் கூவி விற்பது அந்நகரத்தாரின் வழக்கம். அவ்வீட்டுக் குடும்பத்தார் விலை கேட்கக்கூடாது. விளக்கு எரியும்வரை, விலை கேட்க வந்தவர்மீது எவரும் கை வைக்கவும் கூடாது.

மாளிகைக்குரிய வணிகர் கடலில் மூழ்கி மாண்டுபோனார். அவருடைய மகள் வீதிவிடங்கி தூணோரம் நின்றாள். வீடு அந்நியர் கைக்குப் போனால் நாளை அவளுக்குத் தலைசாய்க்க இடமில்லை.

கோட்டைக் காவல் தலைவன் பெருநம்பி அவளை உயிருக்குயிராய் நேசித்தான். மாளிகையை வாங்கி அவளுக்கே அளிப்பதென்றுதான் வந்திருந்தான். ஆனால் தலைப்பாகையால் பாதி முகத்தை மறைத்த அயலான் ஒருவன், இவன் கேட்ட விலைக்கு மேல் கேட்டுக்கொண்டேயிருந்தான். அதைக்கூடப் பொறுத்திருப்பான். நேற்று அந்தியில் படித்துறையில் அவள் அவனோடு சிரித்துப் பேசியதைக் கண்ணால் கண்டவன் எப்படிப் பொறுப்பான்? போர்க்களத்தில் நிதானம் தவறாத நம் வீரனைப் பொறாமை பற்றிக்கொண்டது.

"கொள்வார் உளரோ?" என்று இரண்டாம் முறை கூவினார்கள்.

"கொள்வோம்!" என்றான் அயலான்.

அவள் முகம் மலர்ந்தது. அவ்வளவுதான், பெருநம்பி துள்ளியெழுந்தான்.

"நகரத்தாரே! பெயரும் பிறப்பும் மறைப்பவனுக்கு விற்பது எந்த ஊர் முறை? சொல்லச் சொல்லுங்கள்!"

"ஐயா, வேண்டாம்!" என்று அலறினாள் வீதிவிடங்கி.

"அவன்மீது அவ்வளவு பரிவா, நங்கையே?"

அயலான் மெல்லத் தலைப்பாகையை அவிழ்த்தான். "என் பெயர் ஏகவீரன். பிறந்தது இதே மாளிகையில். இவளுடைய தமையன் நான்."

மண்டபம் திகைத்தது. சுங்க அதிகாரியை எதிர்த்து வாளெடுத்ததற்காக நாடு கடத்தப்பட்டவன் ஏகவீரன். இம்மண்ணை மிதித்தால் அவன் தலை போய்விடும். அவனைச் சிறைப்பிடிக்க வேண்டியவனோ காவல் தலைவன் பெருநம்பியேதான்!

நகரத் தலைவர் கனைத்துக்கொண்டார். "குடும்பத்தார் கேட்கக்கூடாது, மெய்தான். ஆனால் நாடு கடத்திய அன்றே இவனைக் குடும்பத்திலிருந்து நீக்கிவிட்டோமே! ஆகவே இவன் அயலான், கேட்கலாம்."

மூன்றாம் முறை கூவினார்கள். பெருநம்பி மேல்விலை கேட்கவில்லை. ஏகவீரன் பொன்முடிப்பை வைத்து, "வீட்டில் என் தங்கையே இருக்கட்டும்" என்றான்.

"விற்றோம்! வாங்கியவர் விருப்பப்படி வீதிவிடங்கி அங்கேயே வசிக்கலாம்."

ஏகவீரன் படித்துறையில் பாய்ந்து இறங்கிப் படகைத் தள்ளினான். அந்நேரம் பார்த்துக் கடற்காற்று சீறியது. விளக்குச் சுடர் படபடத்தது. அது அணையட்டுமென்று வீரர்கள் வேலோடு காத்து நின்றார்கள்.

பெருநம்பி மண்டியிட்டு, சுடர் அணையாதபடி இரு கைகளாலும் காற்றை மறைத்தான். உள்ளங்கை கொப்பளித்தும் அவன் கையை எடுக்கவில்லை. படகு முகத்துவாரம் தாண்டி, காத்திருந்த மரக்கலத்தை அடைந்தபிறகே எழுந்தான்.

வீதிவிடங்கி எதிரே வந்து நின்றாள். கண்களில் நீர் தளும்பியது.

"அவர் யாரென்று சபையைக் கேட்டீர். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே!"

பெருநம்பி தலைகுனிந்தான். "மன்னரின் காலில் விழுந்தேனும் உன் தமையனின் தண்டனையை நீக்கி, நானே அழைத்து வருவேன். அதுவரை உன் வாசலை மிதியேன். இது சத்தியம்!"

அவள் அவனுடைய வெந்த கைகளை நெடுநேரம் பார்த்தாள்.

"அப்படியானால் சீக்கிரம் புறப்படும்" என்று சொல்லி, விளக்கை ஊதி அணைத்தாள்.