வலது கண்

“லேட்டா வந்ததும் இல்லாம வாய் வேறயா? பேசாம நாற்காலியைத் தேடி உட்காருங்க.”

“நான் உட்கார்ந்து ரொம்ப நேரமாச்சுங்க. மேஜையில இடிச்சுக்கிட்டது நீங்கதான்.”

கும்மிருட்டு. கண் சோதனைக்கு முன் தன் ஆய்வக அறையை அவள் அப்படித்தான் வைத்திருப்பாள். வெளியே மழை... உள்ளே முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நின்ற ஆராய்ச்சியாளரான அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது. என்ன குரல் இது... மழை விட்ட பின் இலையிலிருந்து சொட்டுவதுபோல, ஒவ்வொரு சொல்லாக... எங்கோ கேட்ட குரலாயிற்றே!

“ரேடியோல காலைச் செய்தி வாசிக்கிறவர்தானே நீங்க?”

“ஆமாங்க. கெட்ட செய்தியை நல்லா வாசிப்பேன்னு பேரு.”

நீல விளக்கைப் போட்டாள். அவனுடைய இடது கண் அசையவில்லை. அது செயற்கைக் கண். வலது கண்ணின் பாவை மெல்ல... மிக மெல்லச் சுருங்கியது.

“வெளிச்சம் கூசுதா?”

“ஓ... விளக்கு போட்டிருக்கீங்களா?”

அவள் மீண்டும் அந்தக் கண்ணைப் பார்த்தாள். சோதனைக்கு வரவேண்டியவர் மழையில் வரவே இல்லை. இவன் பக்கத்து அறைக் கண் டாக்டரைப் பார்க்க வந்து, கதவு மாறி நுழைந்தவன். பார்வை அறவே இல்லாதவன். ஆனாலும் வெளிச்சத்துக்குப் பாவை சுருங்கியதே!

“ஐயோ, மன்னிச்சுடுங்க... உங்களைப் போய் திட்டி...”

“விடுங்க. இருட்டுல எல்லாரும் ஒண்ணுதான். நீங்க கொஞ்சம் மோசம், அவ்வளவுதான்.”

பார்க்கும் செல்கள் செத்துப்போன கண்ணிலும் வேறு சில செல்கள் பிழைத்திருக்கக்கூடும். அவை உருவம் காட்டா, நிறம் காட்டா. பகல் வந்துவிட்டது என்று மூளைக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லிவிட்டு இருக்கும். அப்படி ஒரு கண்ணைத்தான் அவள் இத்தனை காலமாகத் தேடிக்கொண்டிருந்தாள். அதை அவனிடமும் சொன்னாள்.

“அலாரம் இல்லாம எப்படிடா எழுந்திருக்கேன்னு எங்கக்கா கேட்பா. திமிருன்னு சொல்லுவேன். இதுதானா விஷயம்?”

ஆனால் அந்தக் கண் வலித்தது. ‘பார்க்காத கண்ணுக்கு வலி ஒரு கேடா? எடுத்துட்டு, இடது மாதிரியே அழகா ஒண்ணு வெச்சுடலாம்டா’ என்று அக்கா முடிவு செய்திருந்தாள்.

அவன் சொல்லக் கேட்டு இவள் பதறிப்போனாள். “எடுத்துட்டா உங்களுக்குப் பகலே போயிடும். தூக்கம் நாளுக்கு நாள் தள்ளித் தள்ளிப் போகும். செய்தி வாசிக்கிற நேரம் உங்க உடம்புக்கு நடுராத்திரியா இருக்கும். வலிக்கு சொட்டு மருந்து இருக்குங்க...”

மருந்து போட்டான். வலி குறைந்தது. சோதனைகளுக்கு வந்தான்... பிறகு சோதனை இல்லாத நாட்களிலும் வந்தான். ஒரே குடையில் பேருந்து நிறுத்தம்வரை நடந்தார்கள். ‘நான் இவனை நடத்திப் போகிறேனா... இவன் என்னையா?’

ஆய்வகத்தில் சோதனைக்கு வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. கண்ணைச் சொல்வதே வழக்கம். ஒருநாள் துறைத் தலைவர் தாழ்வாரத்தில் அவளைப் பிடித்துக்கொண்டார்.

“யாரும்மா அது, தினமும் ஒரே குடையில?”

வெட்கம்... கொஞ்சம் கௌரவமும். “ஐயோ, யாரும் இல்ல சார். நம்ம வலது கண்.”

அவளுக்குப் பின்னால் ஊன்றுகோல் தட்டிவந்த ஓசை நின்றது.

அதன்பின் அவன் வரவில்லை. போனை எடுக்கவில்லை. வெள்ளம், விபத்து, விலையேற்றம்... காலையில் ரேடியோவில் மட்டும் அதே நிதானக் குரல். ஒருநாள் அதுவும் இல்லை. வேறு யாரோ தட்டுத்தடுமாறி வாசித்தார்கள். கண்ணை எடுக்கப் போய்விட்டான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடினாள்.

மருத்துவமனை அறை வாசலில் அக்கா மறித்தாள். “போதும்மா. மருந்தையும் நிறுத்திட்டான், சோத்தையும் நிறுத்திட்டான். நான் பார்க்கறது என் தம்பியை. நீ பார்த்தது கண்ணை.”

“விடுக்கா. வரட்டும்,” உள்ளேயிருந்து குரல். “வாங்க. வலது கண் இன்னும் இங்கதான் இருக்கு.”

அவள் கட்டிலருகே போய் நின்றாள். “எடுக்க வேணாம்... ஆராய்ச்சிக்காகச் சொல்லல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அன்னைக்கு அவர் முன்னாடி சொல்ல வாய் வரல...”

“இதைக் கேட்க எவ்வளவு ஏங்கியிருக்கேன் தெரியுமா? இப்போ கேட்டா, கண்ணைக் காப்பாத்தத்தான் சொல்றீங்களோன்னு தோணுது. என் நிலைமையைப் பாருங்க.”

ஜன்னல் வெயில் அவன் முகத்தில் விழுந்தது. கண்ணின் பாவை மெல்லச் சுருங்கியது. அப்போதும் அவள் அதைக் கவனித்தாள். கவனித்ததற்காகத் தன்னையே வெறுத்தாள்.

“என் கண்ணைப் பத்தி எழுதின ஆராய்ச்சிக் கட்டுரை முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது. அடுத்த வாரம் அனுப்பணும். அது வெளிவந்தா இன்னும் எத்தனை பேரோட கண்ணை எடுக்காம...” அவன் கண்ணின் சோதனை முடிவுகள் இல்லாவிட்டால் அந்தக் கட்டுரையே இல்லை.

“தெரியும். நல்ல காரியம்தான்.”

அவனை ஆபரேஷனுக்கு அழைத்துப்போகத் தள்ளுவண்டியோடு நர்ஸ் வந்து நின்றாள். அவன் கை காற்றில் துழாவி, கட்டிலருகே நின்ற இவள் விரல்களைக் கண்டுபிடித்தது. பிரெயில் புள்ளிகளைத் தடவிச் செய்தி படிக்கும் அவன் விரல்கள் அவற்றை இறுகப் பற்றிக்கொண்டன.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்... அந்தக் கட்டுரையில என் கண் இருக்க வேணாம். அது இல்லாமலும் நான் உங்களுக்கு வேண்டியவன்னா, இந்தக் கண்ணை எடுக்க விடமாட்டேன். கட்டுரையிலேர்ந்து அதை நீக்கிடறேன்னு சொல்லுங்க... இப்போ, இந்த நர்ஸ் முன்னாடி... சத்தமா சொல்லுங்க.”