குப்பை எழுத்து

சாந்தோம் பெரிய கோயிலுக்குப் பின்சந்தில், இரண்டாம் மாடியில் இருந்தது பியாட்ரிஸ் அம்மாளின் வீடு. 1998 அக்டோபர், பிற்பகல் இரண்டு மணி. சந்திரமௌலி மூச்சு வாங்க மாடியேறி வந்தபோது அவன் கையில் ஒரு ஸ்வீட் ஸ்டால் டப்பா இருந்தது. உள்ளே மைசூர்பாகு இல்லை. இருபத்திரண்டு ஃப்ளாப்பிகளில் லினக்ஸ்தான் இருந்தது.

மௌலி தி. நகரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளும் லினக்ஸ்மேல் அவனுக்குப் பைத்தியம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைக்கூட விடமாட்டான். "காசு கிடையாது, கனம் கிடையாது, செத்துப்போன மிஷினைக்கூட எழுப்பிடலாம்" என்பது அவனுடைய பல்லவி. அன்றைக்கு அந்த வீட்டிலும் அதையே சொன்னான். சொல்லியிருக்க வேண்டாம்.

சாப்பாட்டு மேஜைமேல் இருந்த பழைய லாப்டாப் நோயலுடையது. பியாட்ரிஸின் ஒரே மகன். ஆறு மாதத்துக்கு முன்னால் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வெளியே போனவன், மறுநாள் பட்டினப்பாக்கம் கரையில் பிணமாக ஒதுங்கினான். வயது இருபத்து மூன்று.

"தொறந்தா பாதியிலயே நின்னுடுது தம்பி" என்றாள் பியாட்ரிஸ். "இதுலதான் எப்பப் பாரு எழுதிக்கினு இருப்பான். கடைசியா இன்னா எழுதினான்னு பாக்கணும். எம்மேல கோவமாத்தான் போனானா, இல்லியா, அது தெரிஞ்சா போதும். மிஷின் எப்படி வேணா போவட்டும், அவன் எழுத்து போயிடக் கூடாது."

"கவலையே படாதீங்க ஆன்ட்டி. விண்டோஸோட பாரத்தை இது தாங்கலை. லினக்ஸ் போட்டா ஓடிடும்."

கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவதாகச் சொல்லி அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

மௌலி முதல் ஃப்ளாப்பியைப் போட்டு, கறுப்புத் திரையில் நோயலின் கோப்பு ஒன்றைத் திறந்தான். வரி வரியாக அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் ஓடின. இன்னொன்றைத் திறந்தான். அதுவும் அப்படியே. மொத்தம் ஏழு கோப்புகள், ஏழும் குப்பை. வைரஸ் தின்றிருக்கிறது என்று தீர்மானித்தான். அந்த அம்மாள் வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் ஐந்து மணிக்குக் கடையில் வேறொருவர் காத்திருப்பார்.

டிஸ்க்கை முழுவதுமாக அழித்தான்.

ஒவ்வொரு ஃப்ளாப்பியாகப் போட்டான், எடுத்தான். டிரைவ் கரகரவென்று அரைத்தது. கடற்காற்று வாக்கில் கருவாட்டு வாசனை வந்தது. பிறகு அது நின்று, ஊறிப்போன துணியின் நாற்றம் வந்தது. யாரோ ஈரச்சட்டையோடு பின்னால் நிற்கிறாற்போல் இருந்தது. திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

கடைசி ஃப்ளாப்பியும் முடிந்து மிஷின் எழுந்தது. யார் நீ என்று பெயர் கேட்கும் 'லாகின்' வரி. அதன் பக்கத்தில் கர்சர் கண்சிமிட்டியது.

மௌலி கையைக் கட்டிக்கொண்டு பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

mk;kh

கீபோர்டை அவன் தொடவில்லை.

தெரியாத ஆளை உள்ளே விடாது அந்த சிஸ்டம். 'லாகின் இன்கரெக்ட்' என்று சொல்லிவிட்டு மறுபடி பெயர் கேட்டது.

mk;kh

லாகின் இன்கரெக்ட்.

ஏதாவது கீ அழுந்திக் கிடக்கிறதா என்று குனிந்து பார்த்தான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே k பொத்தான் தானாகக் கீழே இறங்கி மேலே வந்தது. அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பின்னால் நகர்ந்தான்.

பியாட்ரிஸ் திரும்பி வந்து கதவைத் தாழிட்டபோது அவன் சுவரோடு சுவராக நின்றிருந்தான். அவள் திரையைப் பார்த்தாள். அவளுடைய வலதுகை விரல்கள் புடவைமேல் மெல்ல அசைந்தன. முப்பது வருஷம் கோட்டையில் அரசாங்கத் தமிழ் டைப்பிஸ்டாக இருந்தவள் அவள்.

"அம்மா" என்றாள்.

"என்ன ஆன்ட்டி?"

"அம்மான்னு அடிச்சிருக்கு. தமிழ் டைப்ரைட்டர்ல m அடிச்சா 'அ', k அடிச்சா 'ம'. நான்தான் அவனுக்குக் கத்துக் குடுத்தேன். தமிழ் ஃபான்ட் இல்லாட்டி இப்படித்தான் இங்கிலீஷ் எழுத்தாத் தெரியும்."

தான் அழித்தது குப்பை இல்லை என்று மௌலிக்கு அப்போதுதான் உறைத்தது. டிஸ்க்கை அழித்துவிட்டதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னான். அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலாம். அவள் ஒரு பேனாவை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"நீ பாத்ததுல ஞாபகம் இருக்கிறதை எழுது."

கடைசிக் கோப்பின் முதல் வரி மட்டும் கொஞ்சம் நினைவில் நின்றது. ஸ்வீட் டப்பாவின் மூடியில் எழுதினான்: mk;kh> ePq;f

"அம்மா, நீங்க..." அவள் விரல்கள் நின்றன. "அப்புறம்? நீங்க... அப்புறம் இன்னா தம்பி?"

"தெரியலை ஆன்ட்டி."

"நல்லா யோசி. ஒரே ஒரு வார்த்தை."

"சத்தியமாத் தெரியலை. அழிஞ்சதுமேல புதுசா எழுதியாச்சு. இனிமே எடுக்க முடியாது."

கீபோர்டு டக் டக்கென்றது.

jpw

பியாட்ரிஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பேசுகிற தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"திற-ங்கிறான். அன்னிக்கு அவன் திரும்பி வந்தான் தம்பி. ராத்திரி மூணு மணி இருக்கும். தட்டினான், ரொம்ப நேரம் தட்டினான். தூங்கிட்டேன், கேக்கலைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். போலீஸ்கிட்டயும் அதான் சொன்னேன். கேட்டுச்சு. கொஞ்ச நேரம் நிக்கட்டும், புத்தி வரட்டும்னு படுத்துக்கினு இருந்தேன்."

மௌலி திரையைப் பார்த்தான்.

jpw
லாகின் இன்கரெக்ட்.
jpw
லாகின் இன்கரெக்ட்.

அவள் ஓடினாள். தாழ்ப்பாளை இழுத்து வாசல் கதவை விரியத் திறந்தாள். அது சுவரில் மோதி நின்றது. மாடிப்படியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"தொறந்துட்டேன்டா! வாடா, உள்ள வாடா கண்ணு!"

கீபோர்டு சற்று நேரம் சும்மா இருந்தது. பிறகு, மிக மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

,y;iy

"ஆன்ட்டி, என்ன சொல்றான்?"

"இல்லைங்கிறான்."

"எது இல்லை?"

அவள் பதில் சொல்வதற்குள் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் மூன்று தட்டு. பிறகு இரண்டு கையாலும் அறைகிற சத்தம். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் நின்று இடிக்கிற, கனத்த மரச்சத்தம்.

கதவு விரியத் திறந்துதான் இருந்தது. வாசலில் யாரும் இல்லை.

"தொறந்துதானேடா இருக்கு" என்று பியாட்ரிஸ் கெஞ்சினாள். வெறும் நிலைப்படியில் கையை நீட்டி, காற்றில் இல்லாத ஒரு தாழ்ப்பாளைத் தேடினாள். "நோயலு, தொறந்துதாண்டா இருக்கு."

மௌலி அவளைக் கடந்து, செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினான். சந்து முனைக்கு வந்தபிறகும், திறந்த கதவை யாரோ விடாமல் தட்டுவது அவன் காதில் விழுந்தது.