பள்ளத்தாக்கில் ஐந்து மணித்தியாலம்

“கையைப் பிடிக்கட்டோ?”

பின்னால் யாரோ தமிழில் கேட்டதும் நிரூபாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. டொன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கும் படிக்கட்டில், இடது காலை இழுத்து இழுத்து, ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள் அவள். தூறலில் படி வழுக்கியது உண்மைதான். அதற்காக...?

“நான் கேட்டனானோ?”

“இல்லை... எனக்குத்தான் பயமாக் கிடக்கு. அதுதான் கேட்டனான்.”

திரும்பிப் பார்த்தாள். கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி ஒருவன் நின்றான். அடி தேய்ந்த சப்பாத்து. மழைத்துளி இமையில் தொங்கும் பெரிய கண்கள்... பொய் சொல்லத் தெரியாத கண்கள். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கையும் கொடுக்கவில்லை!

கீழே இறங்கியதும் அவனே பேச்சைத் தொடங்கினான். பெயர் கோணேஸ்வரன், ஊர் திருகோணமலை, ஒரு ரெஸ்ரோரன்ட் குசினியில் கிழமைக்கு ஆறு நாள் வேலை. அவள் தன் பெயரை மட்டும் சொன்னாள்.

“ரெண்டு வருசமா சப்வேயிலைதான் போய் வாறன். பாலத்திலை ரெயின் வெளியாலை வரேக்கை இந்தப் பள்ளம் ஒருக்காத் தெரியும். உடனை மறைஞ்சிடும். ஒரு நாளைக்கு இறங்கிப் பாக்கவேணும் எண்டு கிடந்தது. நீங்கள் எதுமட்டும்?”

“விக்ரோறியா பார்க் ஸ்ரேசன் மட்டும். ஆத்தோடையே போகலாம். ஏத்தம் பெரிசா இல்லை.”

“நானும் வரட்டோ?”

“றோட்டு என்ரையோ?”

அவன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான். ஆள் கெட்டிக்காரன்தான்.

அவள் இன்று முழுத்தூரமும் நடந்தே தீருவது என்று முடிவெடுத்து வந்திருந்தாள். காரணம் நாலு மணி. நாலு மணிக்கு விட்பி நகரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை பெயர் கஜீவன். பன்னிரண்டு வயதில், ஊரில் சண்டை நடந்தபோது செல் குண்டு விழுந்து காயப்பட்ட கால் அவளுடையது. அது அவர்களுக்குத் தெரியாது. தெரியவிடாமல் செய்யச் சின்னம்மா புனிதவதி ஒரு திட்டம் வைத்திருந்தாள். “அவையள் வர முதலே நீ சோபாவிலை இரு. தேத்தண்ணியை தக்ஷிகா கொண்டு வருவாள். அவையள் போகுமட்டும் எழும்பாதை. கலியாண எழுத்து முடியட்டும், பிறகு தெரிஞ்சாத் தெரியட்டும்.”

சின்னம்மா கெட்டவள் அல்ல. சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில், பதினாலாம் மாடியில், தன் மகள் தக்ஷிகாவோடு பிள்ளைக்குப் பிள்ளையாக இவளையும் வளர்த்தவள். ஏற்கெனவே மூன்று பேர் காலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதை அவளால் தாங்க முடியவில்லை. அதனால்தான் நிரூபாவாலும் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சோபாவில் அசையாமல் இருக்க முதல், இந்தக் காலோடு ஒருக்கா ஆசை தீர நடந்துவிட வேண்டும் என்றிருந்தது.

மேப்பிள் இலைகள் பாதையெல்லாம் சிவந்து கிடந்தன. ஆறு பக்கத்திலேயே சலசலத்து வந்தது. ஒரு மரத்தடியில் கோணேஸ்வரன் பாணும் சம்பலும் பிரித்தான். கேட்காமலே பாதியை நீட்டினான். சம்பல் உறைப்பில் அவளுக்குக் கண்ணீர் வந்தது.

“திருகோணமலையிலை உப்பிடித்தான் உறைப்போ?”

“இல்லை, எனக்குச் சமைக்கத் தெரியாது.”

“குசினியிலை வேலை எண்டியள்?”

“கோப்பை கழுவுறன். அதுவும் குசினிதானே...”

இந்த முறை சிரிப்பை அடக்க முடியவில்லை. எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து...

அதன்பிறகுதான் கவனித்தாள். பிள்ளை வண்டி தள்ளிக்கொண்டு ஒருத்தி இவர்களைத் தாண்டிப் போனாள். தடி ஊன்றிய வெள்ளைக்காரக் கிழவர்கூடத் தாண்டிப் போனார். நீளமான கால் இவனுக்கு. நினைத்தால் எங்கேயோ போயிருக்கலாம். ஆனால் இவ்வளவு நேரமும் அவளோடு அடிக்கு அடி...

முகம் சூடேறியது.

“எனக்காக மெள்ள நடக்கிறியளோ? உங்கடை இரக்கம் எனக்குத் தேவையில்லை.”

அவன் வாய் திறக்கும் முன் விறுவிறுவென்று நடந்தாள். இடுப்பிலிருந்து பாதம் வரை வலித்தது. வலிக்கட்டும். ஒரு பாலம் தாண்டினாள், ஒரு வளைவு தாண்டினாள்... பாதையோரத்து மர வாங்கில் உட்கார்ந்தபோது கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவன் இனி வரமாட்டான் என்பதுதான் காலைவிட அதிகம் வலித்தது. வெட்கமாக இருந்தது. அதுதான் உண்மை.

சற்று நேரத்தில் வாங்கின் மற்ற நுனியில் வந்து இருந்தான். ஆற்றையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

“மெள்ளத்தான் நடந்தனான். பொய் சொல்லமாட்டன்.”

“ஏன்?”

“கெதியா நடந்தா... கெதியா முடிஞ்சிடும்.”

அவள் வாங்கில் அவன் பக்கம் கொஞ்சம் நகர்ந்து இருந்தாள். பிறகு நாலு மணிக் கதை முழுவதையும், சோபாவையும் சேர்த்து, சொல்லி முடித்தாள். அவன் முகம் வாடிப் போனது.

“நான் என்ன செய்ய? நீங்களே சொல்லுங்கோ.”

“நான் சொல்ல ஏலாது, நிரூபா. எனக்கு அதிலை ஒரு ஆசை இருக்கு. ஆசை இருக்கிறவன் சொன்னா நியாயமா இராது.”

எழுந்தாள். மிச்சத் தூரத்தை இருவரும் மெதுவாக, எவ்வளவு மெதுவாக நடக்கலாமோ அவ்வளவு மெதுவாக நடந்தார்கள்.

விக்ரோறியா பார்க் ஸ்ரேசன். மணி மூன்று. இப்போது ரெயின் ஏறினாலும் சோபாவுக்கு நேரத்துக்குப் போய்விடலாம். நிரூபா படிப் பக்கம் போகவில்லை. நேரே போன் பெட்டிக்குப் போய் இலக்கத்தை அழுத்தினாள். கோணேஸ்வரன் நாகரிகமாக விலகப் பார்த்தான்.

“நில்லுங்கோ,” என்றாள். நின்றான்.

“சின்னம்மா, விட்பிக்குப் போன் பண்ணி வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நான் காலை மறைச்சுக்கொண்டு இருக்கமாட்டன். அதோடை... எனக்கு ஒராளைப் பிடிச்சிருக்கு.”

சின்னம்மாவின் குரல் உயர்ந்தது.

“ஆரடி? எவ்வளவு காலமாப் பழக்கம்?”

மணிக்கூட்டைப் பார்த்தாள்.

“அஞ்சு மணித்தியாலம்.”

“உனக்கென்ன விசரோ... அந்தாளுக்கு உன்ரை கால் தெரியுமோ?”

நிரூபா அவனை நேராகப் பார்த்தாள். அந்தப் பெரிய கண்கள் நனைந்திருந்தன. வெளியே மழை எப்போதோ விட்டிருந்தது.

“தெரியும் சின்னம்மா. காலமை தொடங்கி அதோடைதான் நடந்தவர்.”