எட்டாவது கட்டம்

பேச்சியம்மாள் வீட்டுக்குக் கேமராக்காரன் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். கறிவேப்பிலை வாங்கப் போனதாகக் கணக்கு. என் வீட்டில் கறிவேப்பிலை நிறையவே இருந்தது; அது வேறு விஷயம்.

மந்தைவெளியில் எங்கள் தெருவில் இடிக்காமல் மிச்சமிருந்த பழைய வீடு அது ஒன்றுதான். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜவஹர் அதை வாங்கி, மனைவி பேச்சியம்மாளோடு குடிவந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். நான் பக்கத்துக் கட்டடத்தில் முதல் மாடி. என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவர்கள் வீட்டுப் பின்சந்து, துணி துவைக்கும் கல் முதல் சாக்கடை மூடி வரை அப்படியே தெரியும். கட்டியவன் புண்ணியவான்.

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்திருந்த லாரன்ஸ் கேமராக்களை ஹாலில் தரையில் பரப்பி, தானும் தரையில் உட்கார்ந்தான். சோபா காலியாகத்தான் இருந்தது. ஆனால் வேலைக்கு வருபவர்கள் அதில் உட்காரக்கூடாது என்பது பேச்சியம்மாள் சட்டம். வேலைக்காரி, பிளம்பர், கேமராக்காரன் எல்லாருக்கும் ஒரே சட்டம். அந்த விஷயத்தில் அவள் பாரபட்சம் பார்த்ததே இல்லை.

"நாலு கேமரா பாக்ஸ் இந்த வூட்டுக்குப் பத்தாது சார். எட்டு போட்டுக்கோங்க. டிவில எட்டுக் கட்டமா தெரியும், போன்லயும் பாக்கலாம். வைஃபை வாணாம், அப்பப்போ புட்டுக்கும். ஒயரே இழுத்துடறேன்" என்றான் லாரன்ஸ். "மைக் வெச்ச மாடலும் கீது. பேசறதும் கேக்கும்."

"மைக் எதுக்குவே?" என்றார் ஜவஹர். "இவ பேசுததுதான் தெருமுனை வரைக்கும் கேக்குதே."

வாசல், போர்ட்டிகோ, ஹால், சமையலறை, மாடிப்படி, மொட்டைமாடி, துணிமூட்டை அறை. ஏழோடு போதும் என்று ஜவஹர் கையைத் தட்டிக்கொண்டார்.

"பின்னாடி சந்துதாம் முக்கியம்" என்றாள் பேச்சியம்மாள். "பொன்மணி பாத்திரம் வெளக்குத எடம். என்னத்த முந்தானையில சொருகிட்டுப் போறாளோ, யாருக்குத் தெரியும்?"

லாரன்ஸ் சிரித்தான். "அப்ப அங்க டம்மி மாட்டிடலாம்மா. வெறும் கூடு. உள்ள ஒண்ணியும் கெடையாது. பேட்டரி போட்டா செவப்பு லைட்டு மட்டும் மினுக்கும். பாக்கறவங்க பயந்துப்பாங்க."

பேட்டரிகூட வேண்டாம் என்றுவிட்டார் ஜவஹர். பகலில் வேலைக்கு வருகிறவளுக்கு லைட் எதற்கு?

பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, இது நமக்குள்ளயே இருக்கட்டும்."

இந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த எதுவும் மறுநாள் தெருவுக்குத் தெரியாமல் இருந்ததில்லை. அந்த ஒன்றை மட்டும் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. என் வாய்க்கு அது பெரிய சாதனை.

எல்லாம் மாட்டியானதும் பூஜை. புது மிக்ஸி வந்தாலும் பொட்டு வைக்கிற வீடு அது. ஏணியில் ஏறி ஏழு கேமராக்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள், பொன்மணி பார்க்கட்டும் என்று அந்தப் பொம்மைக் கேமராவுக்கும் வைத்தாள். கூடுதலாகக் கற்பூரமும் காட்டினாள். சிலைக்குக் கண் திறக்கிற ஸ்தபதிகூட அவ்வளவு பவ்யமாகச் செய்திருக்க மாட்டான்.

பொன்மணி நம்பினாள். ஆற்றங்கரைக் குடிசையை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவள். இரண்டு பஸ் மாறி வந்து பாத்திரம் தேய்ப்பவள். அதுவரை பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து விளக்குவாள். அன்றிலிருந்து நின்றபடியே குனிந்து விளக்கினாள்.

"அது பாத்துக்கினே கீதுக்கா" என்றாள் என் ஜன்னலை அண்ணாந்து.

"பாக்கட்டுமே. மடியில கனமில்லேன்னா உனக்கென்ன?" என்றேன்.

கத்திரி வெயில் தொடங்கியதும் பேச்சியம்மாளின் தங்க வளையல் காணாமல் போனது.

காணாமல் போனதும் எடுத்தது யார் என்று முடிவாகிவிட்டது. பொன்மணியைப் பின்சந்தில் அந்தக் கேமராவுக்கு நேர் கீழே நிறுத்தினாள். செருப்பு வாசலில் கிடந்தது; வெறுங்கால்.

"உண்மையச் சொல்லுத வரைக்கும் இங்கனயே நில்லுட்டி. உக்காரப்பிடாது. கடையிலருந்து போன்ல பாத்துக்கிட்டே இருப்பேன். உக்காந்தேன்னு தெரிஞ்சுது, நேரா போலீஸ்தான்."

சொல்லிவிட்டு தி. நகருக்குப் போனாள். முகூர்த்தப் பட்டு எடுக்கக் கூட்டம். பேச்சியம்மாளுக்குப் பொன்மணி மறந்தே போனாள்.

அன்றைக்குப் பார்த்து நான் குரோம்பேட்டையில் ஒரு வளைகாப்பில் இருந்தேன். என் அதிர்ஷ்டம் அப்படி. திரும்பியபோது சந்தில் கூட்டம். சிமெண்டுத் தரையில் பொன்மணி கிடந்தாள். உள்ளங்கால் இரண்டும் வெந்து தோல் உரிந்திருந்தது. கை எட்டும் தூரத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சுருண்டு விழும்வரை உட்காரவே இல்லை என்பதை அந்தக் கால்களே சொல்லின.

வெயில் தாக்கியதாக டாக்டர் சொன்னார். யாரும் அவளைப் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையிலேயே செத்தாள்.

விஷயம் எப்படி அமுங்குமோ அப்படி அமுங்கியது. காரியம் முடிந்த கையோடு வேறு ஆள் தேடித்தரச் சொல்லி என்னையே கேட்டாள் பேச்சியம்மாள். நான் போனபோது உச்சிப்பொழுது. வெளியே ஒரு காகம்கூடக் கத்தவில்லை. ஹாலில் ஏசி முனகிக்கொண்டிருந்தது. டிவியில் ஏழு கட்டங்கள் ஓடின. எட்டாவது எப்போதும் கறுப்பு. ஒயரே இல்லாத கட்டம்.

அது மெல்ல வெளுத்தது.

பின்சந்து தெரிந்தது. மேலிருந்து, அந்தப் பொம்மை தொங்கும் இடத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. குழாய், கவிழ்த்த பக்கெட், வெள்ளையாகக் கொதிக்கும் தரை.

தரையில் ஆள் இல்லை. ஒரு நிழல் மட்டும் நின்றது.

பேச்சியம்மாள் எழுந்து பின்கதவைத் திறந்தாள். நானும் போனேன், போகாமல் இருப்பேனா? சந்து காலி. ஆனால் கொதிக்கும் சிமெண்டில் இரண்டு பாதங்கள் ஈரமாகப் பதிந்திருந்தன. அந்த வெயிலில் அவை காயவில்லை. ஏதோ கருகிய வாடை வந்தது.

மறுநாள் லாரன்ஸை வரவழைத்தாள். அவன் ஏணி போட்டு ஏறி, பொம்மையின் கூட்டைத் திருகித் திறந்தான். "ஒண்ணியும் இல்லமா, காலி டப்பா" என்று அவன் சந்திலிருந்து கத்தியது ஹாலில் எங்களுக்குக் கேட்டது.

எங்களுக்கு அவன் முகமும் தெரிந்தது. எட்டாவது கட்டம் முழுக்க, வியர்வையோடு, உள்ளே உற்றுப் பார்க்கும் அவன் முகம்.

அவன் தோளுக்குப் பின்னால் இன்னொரு முகம் எட்டிப் பார்த்தது.

நாங்கள் சொன்னதும் லாரன்ஸ் ஏணியை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். "வேற எவனையாவது கூப்ட்டுக்கங்கமா. என்னால ஆவாது." கூலிகூடக் கேட்கவில்லை.

டிவியை அணைத்துவிடச் சொன்னார் ஜவஹர். பேச்சியம்மாள் அணைத்தாள். அணைத்த டிவியில் அந்த ஒரு கட்டம் மட்டும் எரிந்தது. ஜவஹர் எட்டிப் பார்த்தார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை; கடைக்குக் கிளம்பிவிட்டார். ஆம்பளைகளுக்கு எப்போதும் கடை இருக்கிறது.

அதன்பின் உச்சிவேளையில் பேச்சியம்மாள் தனியாக இருக்கப் பயந்து என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். நானும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். நிழல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கெட்டியானது. முதலில் கால்கள் வந்தன. பிறகு புடவை. கடைசியில் கண்.

அது நேராக எங்களைப் பார்த்தது.

மைக் இல்லாத கேமரா அது. அட, கேமராவே இல்லை. இருந்தும் குரல் வந்தது. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்ட குரல்.

"அக்கா. பாத்துக்கினு கீறியா?"

பேச்சியம்மாள் என் கையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் உக்காரட்டாக்கா?"

"சொல்லித் தொலையேன்" என்றேன் காதோரம். "உக்காருன்னு ஒரு வார்த்தை."

அப்போதும் அவள் தயங்கினாள். சத்தியமாகச் சொல்கிறேன், பயத்தில் பல் அடித்துக்கொள்ளும்போதும், வேலைக்காரியை உட்காரச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"உக்காரட்டாக்கா?"

"உக்காரு" என்றாள் பேச்சியம்மாள்.

எட்டாவது கட்டத்தில் சந்து காலியானது.

ஏசி நின்றது. அறைக்குள் வெயிலின் வாடை வந்தது. சூடான சிமெண்டில் தண்ணீர் தெளித்தால் எழும் வாடை.

சோபாவில் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த மெத்தை மெதுவாக அமுங்கியது.

அமுங்கிய இடுக்கிலிருந்து தங்க வளையல் வெளியே வந்து, தரையில் உருண்டு, என் காலடியில் விழுந்தது.

பொன்மணி அந்த சோபாவில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. கையில் வளையலோடு தினமும் அதில் உட்கார்ந்தவள் யார் என்று எனக்கும் பேச்சியம்மாளுக்கும் தெரியும்.

நான் டிவியைப் பார்த்தேன். ஹாலைக் காட்டும் கட்டத்தில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்.

"அப்பாடா" என்றது குரல், என் தோளுக்குப் பக்கத்தில். "இப்ப நீ நில்லுக்கா. நான் பாத்துக்கினே இருக்கேன்."

பேச்சியம்மாள் எழுந்தாள். வீட்டுக்குள் போடும் செருப்பை ஹாலிலேயே கழற்றிவிட்டாள். பின்கதவைத் திறந்து, அந்த இரண்டு ஈரப் பாதங்களின் மேல் தன் பாதங்களை வைத்து நின்றாள்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். நட்ட கம்பம் போல நின்றாள். தண்ணீர் கொடுத்தேன், உதட்டில் பட்டு வழிந்தது. வாய் மட்டும் அசைந்தது.

"உக்காரட்டா?"

யாரைக் கேட்டாளோ.

நான் போன் செய்து, ஆம்புலன்ஸும் ஜவஹரும் வந்து சேர்வதற்குள் அவள் விழுந்துவிட்டாள். உள்ளங்கால் தோல் சிமெண்டில் ஒட்டிக்கொண்டு உரிந்தது. உயிர் இல்லை. வெயில் தாக்கியதாக டாக்டர் அதே வார்த்தையைத்தான் சொன்னார். பதிவை ஓட்டிப் பார்த்தார் ஜவஹர். சோபாவில் நானும் பேச்சியம்மாளும் நடுவில் இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறோம். பிறகு அவள் எழுந்து போகிறாள். வேறொன்றும் இல்லை.

ஜவஹர் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். மின்சாரத்தையும் துண்டித்தாகிவிட்டது. ஏழு கேமராக்களையும் யாரோ கழற்றிப் போனார்கள். எட்டாவதை மட்டும் யாரும் தொடவில்லை. சந்தனப் பொட்டு காய்ந்து, அப்படியே தொங்குகிறது.

பேட்டரி போடாத அந்தப் பொம்மையில் நேற்று உச்சிப்பொழுதில் ஒரு சிவப்பு வெளிச்சம் மினுக்கியது.

அது முன்பு தரையைப் பார்த்து இருந்தது. இப்போது என் சமையலறை ஜன்னலைப் பார்த்திருக்கிறது.

காய் நறுக்க அங்கே ஒரு முக்காலி போட்டிருந்தேன். அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். காலையிலிருந்து கால் கடுக்கிறது.

உட்காரட்டுமா என்று யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.